முக்கூடலும் மின்கூடலும்

திருநெல்வேலிக்கு வடகிழக்கே, தண்பொருநையோடு சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில் அமைந்தது சீவலப்பேரி. சீவல்லபன் என்னும் பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரியே ஊர்ப்பெயராகிப் பின்னர்ச் சீவலப்பேரி என மருவிற்று என்பர். கயத்தாற்று நீரையும் சேர்த்து மூன்றாறு கூடும் இடமாதலின் இதன் பாங்கர் முக்கூடல் எனப் பெற்றது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இதுவேயாம். பாப்பாக்குடியை அடுத்து முக்கூடல் என்னும் பெயரோடு இன்று விளங்கும் பேரூர் வேறு, இது வேறு. பெயரொப்புமையால் மயங்குவார் உளராதலின் இதனை முதற்கண் கூறினோம். ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்குத் தமிழில் வழிகாட்டிய இரா. பி. சேதுப்பிள்ளை பிறந்த இராசவல்லிபுரமும் இதற்கு அண்மையது என்பதனையும் நினைந்து கொள்க.

இக்கட்டுரையின் நோக்கம் முக்கூடற்பள்ளின் நயம் உரைப்பதன்று. அப்பள்ளும் அதனையொத்த பிற நூல்களும் இன்று இணையத்தின்கண் எவ்வாறு வந்து சேர்ந்தன, சேர்த்தவர் யாவர், சேர்ந்த படிகளை ஆராய்ச்சியாளர் கொள்ளலாமோ தள்ளல் வேண்டுமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இவ்வினா எழுந்து ஆண்டுகள் பல ஆயினும், அதற்கு உரிய விடை இறுக்கப்பெறவில்லை. மாணவர் மின்படியைப் பார்த்தே மேற்கோளைப் பெயர்த்தெழுதுகின்றனர். ஆனால் நூற்பட்டியலில் அச்சுப்பதிப்பின் பெயரைக் குறிக்கின்றனர். ஆசிரியரும் அதனை அறிந்தும் அறியாதார் போன்று இருக்கின்றனர். யாமும் அவ்வாறே இருந்தோம். இஃது ஆராய்ச்சி அறத்திற்கு ஏற்றதன்று.

முதலில் வரலாற்றைச் சிறிது காண்போம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் என்னும் மின்தொகுப்பு முயற்சி தொடங்கப் பெற்றது. அதனைத் தொடங்கி நடத்தியவர் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், துணைநின்றவர் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன். இருவரும் தமிழ்த்துறையினர் அல்லர் என்பது கருதத்தக்கது. ஊதியம் இன்றி, ஒருவரையொருவர் நேரிற் காணாத அன்பர் பலர், தத்தம் நாட்டில் தத்தம் இல்லத்தில் இருந்தவாறே நூல்களைக் கணினியிற் பதிந்து, பிறிதொரு நாட்டில் உள்ளார்க்கு அனுப்பி, அவர் பிழை களைந்து திருப்ப, யாவர்க்கும் விலையின்றி வழங்கினர். நூற்றுக்கணக்கான நூல்கள் இவ்வாறு வெளிவந்தன. முக்கூடற்பள்ளும் அவற்றுள் ஒன்று.

இவ்வகை முயற்சிக்கு உலகில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1971-இல் மைக்கேல் ஆர்ட் என்பார் தொடங்கிய குட்டன்பர்க்குத் திட்டம் ஆங்கில நூல்களுக்கு இதனைச் செய்தது. ஆயின் ஆங்கிலத்தார்க்கு இல்லாத ஓர் இடர் நமக்கு இருந்தது. அவர்க்கு எழுத்து முன்னரே கணினியில் இருந்தது. நமக்கு எழுத்தையே ஆக்கிக் கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் அமைத்த எழுத்துருவில் பதிந்தது பிறிதோர் எழுத்துருவை உடையார்க்குப் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் எனத் தனித்தனியே எழுத்துருச் சமைத்தோர் ஒன்றுகூடி ஒரு முறையைக் காணல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. மின்மடல் வாயிலாகப் பன்னாட்டார் நிகழ்த்திய நெடிய சொற்போரின் பயனாகத் திஸ்கி என்னும் குறியீட்டு முறை உருவாயிற்று. பின்னர் உலக மொழிகட்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறை பரவவே, முன்னர்ப் பதிந்த நூல்களையெல்லாம் மீண்டும் அம்முறைக்கு மாற்றினர். ஏட்டில் இருந்ததைப் புத்தேட்டிற் பெயர்த்தெழுதாவிடின் செல்லரித்து அழியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கணினியேடும் அத்தன்மைத்தே. மாற்றுவார் இன்றிக் கைவிடப்பட்ட பழைய எழுத்துருப் பக்கங்கள் பல இன்று ஓதுவார் அற்றுக் கிடக்கின்றன. 2009-இல் சியோசிட்டீசு என்னும் இலவச இடம் மூடப்பட்டபோது அதிலிருந்த பக்கங்கள் இருந்த இடமே தெரியாது ஒழிந்தன.

இனி, இப்படிகளின் தகுதியை அளப்பதற்கு எக்கோலைக் கொள்வது? மேலைநாட்டார் கூறும் பதிப்பியல் விதிகளை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்கு உரியனவாகக் கூறும் எட்டனுள் முதலிரண்டே போதும். ஆக்கியோன் பெயர் ஒன்று, வழி மற்றொன்று. இந்நூலைச் செய்தவர் யார்? இது எதன் வழியாக வந்தது? இவ்விரண்டற்கும் விடை கூறும் படி கொள்ளத்தக்கது, கூறாதது தள்ளத்தக்கது.

முதல் வினாவிற்கு மதுரைத் திட்டத்தார் நன்கு விடை கூறியுள்ளனர். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் அதனைப் பதிந்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பது பெயரோடு குறிக்கப் பெற்றுள்ளது. இதனைப் படிக்குந்தோறும் எமக்கு உ. வே. சாமிநாதையரின் முகவுரைகளே நினைவுக்கு வரும். இன்ன ஊரில் இன்னார் இல்லத்து ஏடு, இன்னார் உதவியது என அவர் நிரல்படுத்தும் பகுதியை மாணவர் பலர் புரட்டிவிட்டுச் செல்வர். அஃது ஒரு தமிழ்நாட்டு வரைபடம் என்பதனை அவர் அறியார். இப்பொருநைக் கரையிலேயே ஆழ்வார்திருநகரிக் கவிராயர் இல்லங்களில் ஐயர் பத்துப்பாட்டு ஏடு தேடிய வரலாற்றை அவர்தம் நூலிற் காணலாம். 1889-இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்பு ஐயர் ஒருவர் பெயரால் நிற்பினும், ஏடு காத்தவர், கொடுத்தவர், உடனிருந்து படித்தவர், ஒப்புநோக்கியவர் எனப் பலர் கை அதன்கண் உண்டு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் எனவும், தொகுப்பித்தார் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை எனவும் பிரித்துக் கூறிய மரபு நம்முடையது. தமிழில் பதிப்பு என்பது என்றுமே தனியொருவர் செயலாக இருந்ததில்லை. இணையம் புதிதாகச் செய்தது கூட்டு முயற்சியைப் படைத்தது அன்று. அம்முயற்சிக்கு இருந்த வழிநடைத் தொலைவைப் போக்கியதே ஆகும்.

இரண்டாம் வினாவாகிய 'வழி' என்பதற்கோ விடை இத்துணை நிறைவுடையதன்று. எவ்வச்சுப் பதிப்பைப் பார்த்துப் பதிந்தனர் என்பது சில மின்படிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. பாடவேறுபாடு பெரும்பாலும் விடப்பட்டுள்ளது. மு. அருணாசலம் முக்கூடற்பள்ளினைப் பதிப்பித்தபோது மேற்கொண்ட உழைப்பினை அறிந்தார்க்கு, மூலத்தை மட்டும் தந்து குறிப்புகளை விடுத்த படி தோல் உரித்த பழம் போன்று தோன்றும். உண்ணலாம், வைத்திருத்தல் இயலாது. இந்நூலின் ஆசிரியர் என்னயினாப் புலவர் என்பதும் ஐயத்திற்கு இடமாயது. அச்சில் 'என்பர்' என்றிருப்பது மின்படியின் தலைப்பில் ஏறும்போது 'என்பர்' உதிர்ந்து பெயர் மட்டும் நிற்கும். அதனைப் பார்த்து எழுதுவார் அப்பெயரை உறுதியாகவே கொள்வர். இவ்வாறு ஓர் ஐயம் உண்மையாகிவிடுகின்றது.

இக்குறையை நீக்கும் நெறி ஒன்று பின்னர்த் தோன்றிற்று. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பாகிய விக்கிமூலம் அதனைக் கைக்கொண்டது. அங்கே அச்சுநூற் பக்கத்தின் படம் ஒருபுறமும், பெயர்த்த எழுத்து மறுபுறமும் அருகருகே நிற்கும். பிழை பாராத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்துத் திருத்தியது மஞ்சள். பிறிதொருவர் மீண்டும் பார்த்து ஒப்பியது பச்சை. முதலிற் பார்த்தவரே இரண்டாமவராகவும் இருத்தல் இயலாது. இவ்விதி மிக எளியது. ஆயினும் தம் மெய்ப்பைத் தாமே பார்த்து ஏமாந்த அனுபவம் உடைய எம்போலியர்க்கு இதன் அருமை விளங்கும். 'வழி' யாது எனக் கேட்பார்க்குப் படமே விடை. எந்நாளில் எவர் எவ்வெழுத்தை மாற்றினார் என்பதும் அழியாது பதிவாகின்றது. ஏட்டை எழுதினோன் பிழையா, படியெடுத்தோன் பிழையா, அச்சுக்கோத்தோன் பிழையா என நாம் இன்றும் வழக்காடும் பாடங்கள் எத்துணை! அவற்றுக்கெல்லாம் இத்தகைய பதிவொன்று இருந்திருப்பின் தமிழாராய்ச்சியின் பாதிப் பூசல் எழுந்தே இராது.

ஈண்டு ஒரு வியப்பினையும் குறித்தல் வேண்டும். ஓலையில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி இருந்தன. ரகரமும் காலும் ஒருவடிவாய் நின்றன. இவற்றால் விளைந்த மயக்கங்களைத் தீர்ப்பதே பழம்பதிப்பாசிரியர் பணியிற் பெரும்பகுதி. இன்று அச்சுப் படத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கும் பொறி வந்துளது. அது மயங்கும் இடங்களை யாம் கூர்ந்து பார்த்தோம். ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் கொள்கின்றது. மங்கிய தாளில் புள்ளியை விடுகின்றது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணா, றா, னா, லை, ளை ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு திகைக்கின்றது. முந்நூறாண்டிற்கு முன் ஏடெழுதினோன் இடறிய அதே கல்லில் இப்பொறியும் இடறுகின்றது. ஆதலின் ஏட்டுச்சுவடிப் பயிற்சி பெற்ற மாணவனே இப்பொறியின் பிழையைத் திருத்துதற்கும் தக்கவன் ஆகின்றான். சுவடியியலும் கணினியும் இருவேறு துறை என்று கருதிப் பாடத்திட்டம் வகுப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எம் பிழை ஒன்றனையும் ஈண்டு மறையாது கூறுதல் கடன். சில ஆண்டுகட்கு முன் பள்ளு நூல் ஒன்றினை மின்படியொன்றைக் கொண்டே வகுப்பில் நடத்தினோம். அதன்கண் 'ஆறால்' என்றொரு சொல் வந்தது. ஆறு என்பது ஆலுருபு ஏற்குங்கால் 'ஆற்றால்' என இரட்டித்து வருதலே இயல்பு. ஆண்டு இரட்டாது நின்றமையைச் செய்யுள் விகாரம் என விளக்கி, அதற்கு இலக்கணமும் காட்டிப் பெருமிதத்தோடு மேலே சென்றோம். கடைசி வரிசையில் இருந்த சீவலப்பேரி மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அது ஆரா மீனாக இருக்கும். முன்னும் பின்னும் மீன் பெயரே வருகிறது. எங்கள் ஆற்றில் மணலுக்குள் புதைந்து கிடக்கும்” என்றார். நூலகத்து அச்சுப்பதிப்பைக் கொணர்ந்து பார்த்தோம். 'ஆரால்' என்றே இருந்தது. பதிந்தவர் கை ரகரத்திற்கு றகரத்தை அடித்துவிட்டது. எம் இலக்கணப் புலமை அப்பிழைக்கு அரண் செய்தது. ஆற்றங்கரையிற் பிறந்த ஒருவர் இல்லாதிருப்பின் அவ்வகுப்பு மாணவர் அனைவரும் அவ்விகாரத்தைத் தேர்வில் எழுதியிருப்பர். யாமும் மதிப்பெண் வழங்கியிருப்போம்.

இந்நிகழ்ச்சியால் யாம் முதலிற் கொண்ட முடிவு மின்படியை விலக்கல் வேண்டும் என்பதே. பின்னரே அது பிழைபட்ட முடிவு என உணர்ந்தோம். அச்சுநூலிலும் இத்தகைய பிழை உண்டு. அச்சுநூற் பிழையை யாம் அறிந்தால் எம் படியின் ஓரத்திற் குறித்து வைப்போம். எமக்குப் பின் அப்படி பழம்புத்தகக் கடைக்குச் செல்லும். அம்மாணவரோ அன்று மாலையே அம்மின்பக்கத்தை நடத்துவார்க்கு எழுதினார். ஒரு கிழமைக்குள் திருத்தம் ஏறிற்று. அதனைப் பதிந்தவர் கடல் கடந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதும், ஆரால் மீனைக் கண்டறியாதவர் என்பதும் அவர் விடையிறுத்த மடலால் தெரிந்தன. மீனை அறிந்தவர்க்கு நூலைப் பதியும் ஓய்வில்லை. பதியும் ஓய்வுடையார்க்கு மீன் தெரியவில்லை. இவ்விருவரும் கூடுதற்கு வேறு எவ்விடம் உண்டு? நெல்வகை, மீன்வகை, மாட்டுவகை, ஏர்க்கருவி என நாட்டுப்பொருட் பெயர் செறிந்த பள்ளு நூல்களைப் பொறுத்தவரை, அகராதியினும் ஆற்றங்கரையாரே சிறந்த மெய்ப்புநர் என்பது எம் துணிபு.

இனிக் கூட்டுறவில் எழும் பூசலைப் பற்றிச் சிறிது. முக்கூடற்பள்ளில் மூத்தபள்ளி முக்கூடலாள், ஆசூர் வடகரை நாட்டைப் பாடுவாள், திருமால் அடியாள். இளையபள்ளி மருதூராள், சீவலமங்கைத் தென்கரை நாட்டைப் பாடுவாள், சிவன் அடியாள். இருவரும் ஏசிக்கொள்ளும் பகுதி நூலின் உயிர்நிலை. ஒருத்தி மற்றவள் தெய்வத்தை ஏசுதற்கு அத்தெய்வத்தின் புராணம் முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதாள் ஏசினால் அடுத்த அடியிலேயே தோற்பாள். ஈற்றில் இருவரும் ஒருவாறு அமைதி கொள்வர். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழகத்தாரும் ஈழத்தாரும் பிறமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறைபற்றி நிகழ்த்திய வாதங்கள் எமக்கு இவ்வேசலையே நினைவூட்டின. ஒருசாரார் 'டொராண்டோ' என்பர். மறுசாரார் 'ரொறன்ரோ' என்பர். இருவர்க்கும் மரபு உண்டு. இருவர்க்கும் சான்று உண்டு. எப்பெயரால் தேடினும் ஒரே கட்டுரைக்குச் செல்லுமாறு வழிமாற்று அமைப்பது ஆங்குள்ள நடைமுறை. அச்சுக் கலைக்களஞ்சியத்தில் பதிப்பாசிரியர் ஒருபெயரைத் தேர்ந்து மற்றதனை அடித்திருப்பார். ஆனால் இணையத்துப் பூசல் யாவும் இத்தகையன என்று கூறமாட்டோம். எதிராளி நூலைப் படியாமலே ஏசுவார் கூட்டமும் அங்கே பெரிது. பள்ளியர்க்கு இருந்த கல்வி அவர்க்கு இல்லை.

நூற்காப்பினைப் பற்றியும் ஒரு சொல். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் பிறந்த நாட்டில் நேர்ந்த இழப்பு அது. 2005-இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து வருகின்றது. புலம்பெயர்ந்தார் பலர் அதற்குப் பொருளும் உழைப்பும் நல்குகின்றனர். ஒருநூல் ஒரே இடத்தில் இருத்தல் எத்துணை இடர் என்பதனை அந்நாட்டார் எரிந்த சாம்பலைக் கண்டு அறிந்தனர். நாமோ வெள்ளத்தைக் கண்டும் அறிந்திலேம். பொருநை பெருகுங்காலத்துக் கரையோர இல்லங்களில் எத்துணைச் சுவடிகள் நீரோடு போயின என்பதற்குக் கணக்கில்லை.

படைப்பிலக்கியத்தில் இக்கூட்டுறவு எத்துணைப் பயன் தந்தது என்னும் வினா எஞ்சுகின்றது. பலர் சேர்ந்து எழுதிய தொடர்கதை, பலர் அடியெடுத்துக் கொடுத்த வெண்பா முதலியன இணையத்தில் உள. யாம் கண்ட அளவில் அவை பெரும்பாலும் விளையாட்டளவின. ஆயினும் கூட்டுப்படைப்பு உயர்ந்த இலக்கியம் ஆகாது எனக் கூறுதல் இந்நாட்டார்க்குப் பொருந்தாது. சீவலப்பேரிச் சுடலைமாடன் கோயிற் கொடை நாட்டார் வழிபாட்டிற் பெயர்பெற்றது. இத்தகைய கொடைகளில் நிகழும் வில்லுப்பாட்டில் முன்பாடுவார் ஒருவரே கதையை நடத்துவதாகத் தோன்றும். உடன்பாடுவார் அடியை வாங்கிப் பாடியும், 'ஆமா' என ஏற்றும், சிலபோது மறுத்து வினவியும் கதையைத் திருப்பிவிடுதலை அருகிருந்து கேட்டார் அறிவர். குடம் அடிப்பவனும் உடுக்கைக்காரனும் விரைவைக் கூட்டக் கதை விரையும். அதனை அச்சிடும்போது முன்பாடுவார் அடிகளே நூலாகின்றன. மற்றவர் குரல் மறைகின்றது. அச்சு ஓர் ஆசிரியரையே அறியும். பலர் குரலையும் அவரவர் பெயரோடு பதிந்து வைக்கும் கருவி இப்போதுதான் கிடைத்துளது. வில்லுப்பாட்டின் முழுவடிவைப் பதிய அதனைக் கொண்டு முயன்றார் மிகச் சிலரே. இதுவே எம் வருத்தம்.

மேற்கூறியவற்றால் யாம் துறைகட்கு வேண்டுவது இரண்டு. மின்படியைப் பயன்படுத்திய மாணவர் அதனை மறைக்காமல், எம்மின்படி, எந்நாளிற் பார்த்தது, எவ்வச்சுப் பதிப்போடு ஒப்பிட்டது என ஆய்வேட்டிற் குறித்தலை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். நூலொன்றினை முறையாக ஒப்புநோக்கி, பாடவேறுபாடு குறித்து, பொதுவிடத்தில் ஏற்றிய உழைப்பினை ஆராய்ச்சியாக மதித்தல் வேண்டும். ஒரு கட்டுரை எழுதியவர்க்கு உள்ள மதிப்பு, நூல் முழுவதையும் எழுத்தெண்ணிப் பார்த்துத் திருத்தியவர்க்கு இன்று இல்லை. முன்னையதனைப் படிப்பார் சிலர். பின்னையதனைக் கொள்வார் பலர்.

எம் வகுப்பு மாணவர் சிலர் முக்கூடற்பள்ளினை அச்சுப்பதிப்புகளோடும் மின்படியோடும் ஒப்புநோக்கத் தொடங்கியுள்ளனர். ஆரால் மீனைக் காட்டித் தந்த மாணவர் இப்போது ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியர். விடுமுறை நாட்களில் வந்து உடனிருக்கின்றார். நெல்வகைப் பகுதியைச் சீவலப்பேரி உழவர் முதியோர் சிலர்க்குப் படித்துக் காட்டினோம். பெரும்பாலான பெயர்களை அவர் அறியார். அந்நெற்கள் விதைப்பொழிந்து நெடுங்காலம் ஆயின. சில பெயர்களை மட்டும் தம் பாட்டனார் கூறக் கேட்டதாக உரைத்து, எழுத்தில் உள்ளதினும் சிறிது வேறாக ஒலித்தனர். அவ்வேறுபாடுகளை ஒலிப்பதிவாகவும் பாடக்குறிப்பாகவும் குறித்து வைத்துள்ளோம். மாட்டுவகையும் மீன்வகையும் இன்னும் எஞ்சியுள்ளன.